எலக்ட்ரானிக் கீபோர்டு: பாதுகாப்பும் பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீபோர்டு வாசித்து வாசித்துத் தேய்ந்து கெடுவது குறைவு. ஒத்துவராத அடாப்டர், இழுபட்ட வயர், உள்ளே போன ஈரம், படிந்த தூசி இந்த நான்கும்தான் திரும்பத் திரும்பப் பழுதுக்குக் காரணமாகின்றன. நான்கையும் தவிர்க்க முடியும். கீழே உள்ள பதில்கள் 61 கட்டை வைத்த சாதாரண கீபோர்டு, சிந்தசைசர், டிஜிட்டல் பியானோ மூன்றுக்கும் பொருந்தும். மாறும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

பழைய அடாப்டர் தொலைந்துவிட்டது. பின் சரியாகப் பொருந்துகிற வேறொன்றைப் போடலாமா?

பின் பொருந்துவதை மட்டும் வைத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரே அளவுப் பின் உள்ள பல அடாப்டர்கள் ஒன்றுக்கொன்று எதிரானவை. கீபோர்டின் பின்புறம் மின் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பதையும் அடாப்டரின் லேபிளையும் அருகருகே வைத்து நான்கு விஷயங்களை ஒப்பிடுங்கள்.

முதலில் வோல்டேஜ். 9 என்று போட்டிருந்தால் 9, 12 என்றால் 12. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அடுத்தது நேர்முனை, எதிர்முனை. ஒரு புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம், இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கோடு, கோட்டின் முனையில் கூட்டல் அல்லது கழித்தல் குறி: இந்தச் சின்னம் இரண்டிலும் இருக்கும். புள்ளியோடு சேர்ந்திருக்கும் குறிதான் பின்னின் உட்பகுதி. யமஹாவின் பிஏ-130 அடாப்டர் 12 வோல்ட், உள்ளே கூட்டல். கேசியோவின் பழைய ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட், உள்ளே கழித்தல். ஒன்றை எடுத்து மற்றதில் செருகினால் மின்சாரம் தலைகீழாகப் பாயும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாதுகாப்பு டயோடு இருக்கும் மாடல் என்றால் சேதம் அதோடு போகும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஐ.சி. என்ற சில்லு வரை போய்விடும், அதுவும் ஒரு நொடிக்குள்.

மூன்றாவது, ஆம்பியர். இதில் மட்டும் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. 1 ஆம்பியர் கேட்கும் கீபோர்டுக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போடலாம். கீபோர்டு தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். குறைவானதைப் போட்டால் அடாப்டர் சூடாகிக் கெடும்.

நான்காவதைப் பலர் கவனிப்பதே இல்லை. சில பழைய கருவிகளின் அடாப்டர் நேர் மின்சாரம் தராது, மாறு மின்சாரம் தரும். லேபிளில் வெளியீடு என்ற இடத்தில் அலைபோன்ற கோடு இருந்தால் அது மாறு மின்சாரம். நேர்கோடும் அதன் கீழே விட்டுவிட்டு வரும் கோடும் இருந்தால் நேர் மின்சாரம்.

அடாப்டர் சரியானதுதான். வால்யூமைக் கூட்டினால் மட்டும் கீபோர்டு அணைந்து அணைந்து எரிகிறது. ஏன்?

திரை எரிவதற்குக் கொஞ்ச மின்சாரம் போதும். ஸ்பீக்கர் சத்தமாக ஒலிக்கும்போதுதான் நிறைய வேண்டும். அந்த நேரத்தில் அடாப்டரால் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சரிகிறது, கீபோர்டு தானாக மறுபடி ஆரம்பிக்கிறது.

சோதிக்க எளிய வழி: அடாப்டரைக் கழற்றிவிட்டுப் புது பேட்டரி போட்டு அதே வால்யூமில் வாசியுங்கள். அணையவில்லை என்றால் கோளாறு அடாப்டரிலோ சாக்கெட்டிலோதான். இப்போது அடாப்டரைச் செருகி, பின்னை மேலும் கீழும் லேசாக அசையுங்கள். அசைக்கும்போது மட்டும் அணைகிறதென்றால், சாக்கெட்டு சர்க்யூட் போர்டோடு சேரும் இடத்தில் பற்றவைத்த ஈயம் விரிசல் விட்டிருக்கிறது. மூன்று காலைச் சுற்றியும் வளையம்போல மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் சரியாகிவிடும். கால் மணி நேர வேலை. அப்படியே விட்டுவைத்தால் அந்த விரிசலில் பொறி பறந்து போர்டே கருகும்.

இந்த விரிசல் வருவது வயர் இழுபடுவதால். பல கீபோர்டுகளின் அடியில் வயரைச் சுற்றி மாட்டுவதற்கென்றே ஒரு கொக்கி உண்டு. இல்லாவிட்டால் வயரை ஸ்டாண்டின் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். யாராவது தடுக்கினால் இழுவை ஸ்டாண்டோடு நின்றுவிடும்.

பேட்டரியில் வாசிக்கலாமா?

தாராளமாக. இடிமின்னல் நேரத்திலும் மின்சாரம் ஒழுங்காக வராத இடத்திலும் அதுதான் நல்லது. பெரும்பாலான சிறிய கீபோர்டுகளுக்கு 6 பேட்டரி. ஆல்கலைன் என்றால் ஒன்று 1.5 வோல்ட், ஆறும் சேர்ந்து 9. சார்ஜ் செய்யும் நிக்கல் வகை ஒன்று 1.2 வோல்ட்தான், ஆறுக்கு 7.2. அதனால்தான் சில கீபோர்டுகளில் பேட்டரி வகையைத் தேர்வு செய்ய ஒரு அமைப்பு இருக்கிறது. அதை மாற்றாமல் விட்டால் பேட்டரி நிறைந்திருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டும்.

புதியதையும் பழையதையும் கலக்காதீர்கள். வகைகளையும் கம்பெனிகளையும்கூடக் கலக்க வேண்டாம். பலவீனமான ஒன்றை மற்ற ஐந்தும் தலைகீழாக ஓட்டும், அது கசியும்.

கசிந்த ஆல்கலைன் பேட்டரியில் வெள்ளையாகப் பூத்து நிற்பது காரம். வெறும் கையால் தொடாதீர்கள். கையுறை போட்டுப் பேட்டரியை எடுத்துவிட்டு, பஞ்சுக்குச்சியில் வினிகரை ஈரமாகும் அளவுக்கு மட்டும் தொட்டு ஸ்பிரிங்கையும் தகட்டையும் துடையுங்கள். லேசாக நுரைத்து அடங்கும். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட குச்சியால் ஒருமுறை துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். ஸ்பிரிங் பச்சை பிடித்துத் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். சுரண்டி எடுத்தால் மேல் முலாம் போய்விடும், மறுபடி துருப்பிடிக்கும்.

வாசிக்கும்போது கம்பி ஊர்வதுபோல் விரல் நுனியில் சுறுசுறுவென்று வருகிறது. ஆபத்தா?

இரண்டு பின் அடாப்டர்கள் பலவற்றில் மின்காந்த இரைச்சலை அடக்க ஒரு சிறு கபாசிட்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியே மிகக் குறைந்த மின்சாரம் வெளியே வரும். வெறுங்காலோடு உலோகப் பகுதியைத் தொட்டால் அது உணரப்படும். தனியாக அது ஆபத்தில்லை.

ஆனால் கீபோர்டை மிக்சரோடும் மைக்கோடும் இணைத்திருக்கும்போது, மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று அடித்தால் உடனே நிறுத்துங்கள். அந்த இடத்தில் எர்த் சரியில்லை, அல்லது இரண்டு கருவிகள் வெவ்வேறு எர்த்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே பிளக்கிலிருந்து பிரித்துக் கொடுங்கள். அதன் பிறகும் அடித்தால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை வாசிக்க வேண்டாம். இரைச்சலைப் போக்க ஆம்ப்ளிஃபையரின் எர்த் பின்னை வெட்டிவிடுவதை இன்னும் சில இடங்களில் பார்க்கிறோம். இரைச்சல் போகும், உயிரைக் காக்கும் வழியும் அதோடு போகும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

இடி கேட்க ஆரம்பித்ததும் அடாப்டரைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். கீபோர்டின் ஸ்விட்சை அணைத்தால் போதாது, அணைத்த பிறகும் அடாப்டர் மின்சாரத்தோடு இணைந்துதான் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர், கணினி இவற்றோடு போகும் வயர்களையும் எடுத்துவிடுங்கள். அதிர்ச்சி அந்த வழியாகவும் வரும்.

எதை முதலில் ஆன் செய்வது?

கீபோர்டு முதலில், பிறகு மிக்சர், கடைசியில் ஆம்ப்ளிஃபையர். அணைக்கும்போது இதற்கு நேர் எதிர். எல்லா வால்யூமும் அடியில் இருக்கட்டும். வரிசை மாறினால் கீபோர்டு உயிர் பெறும்போது எழும் 'டப்' சத்தம் முழு பலத்தோடு ஸ்பீக்கரில் அடிக்கும். உச்ச ஒலிகளுக்கான சிறிய ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், ஒரே அடியில் போவதுண்டு.

அணைத்த உடனே மறுபடி ஆன் செய்யாதீர்கள். சில நொடி விட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். அது நல்ல வழக்கம்.

நான் பதிவு செய்து வைத்தது காணாமல் போய்விட்டது. கீபோர்டு தானாகவும் அணைகிறது.

தானாக அணைவது பழுதில்லை. எதையும் தொடாமல் விட்டால் குறிப்பிட்ட நேரத்தில் அணையும்படி அமைத்திருப்பார்கள், பெரும்பாலும் 30 நிமிடம். சேமிக்காமல் இருந்தது அப்போது போய்விடும். யமஹாவின் பிஎஸ்ஆர்-ஈ வரிசையின் பல மாடல்களில் இடக்கோடிக் கட்டையை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் இந்த அமைப்பு நீங்கும்.

வலக்கோடி வெள்ளைக் கட்டையை அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் அதே வரிசையின் பல மாடல்களில் கருவி நினைவில் வைத்திருக்கும் அமைப்புகள் துடைக்கப்படும். குழப்பமான அமைப்புகளிலிருந்து வெளியே வர அது நல்ல வழி, ஆனால் உங்கள் பதிவுகளும் போய்விடும். மற்ற கம்பெனிகளில் இது வேறுவிதமாக இருக்கும், கையேட்டில் பாருங்கள்.

சேமித்துக்கொண்டிருக்கும்போதோ மென்பொருளைப் புதுப்பிக்கும்போதோ பென் டிரைவைப் பிடுங்காதீர்கள், மின்சாரத்தையும் நிறுத்தாதீர்கள்.

மேலே தண்ணீர் கொட்டிவிட்டது. முதலில் என்ன செய்வது?

ஸ்விட்சைத் தேடி நேரத்தை வீணாக்காமல் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பேட்டரியை எடுங்கள். மேலே நிற்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் இடுக்கு வழியாக இன்னும் உள்ளே போகும். பிறகு கீபோர்டைக் கட்டைகள் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து, இரண்டு முனையிலும் புத்தகம் போன்ற எதையாவது முட்டுக் கொடுத்து வையுங்கள். கட்டைகளின் மேல் பாரம் இறங்கக் கூடாது.

இனிதான் பொறுமை வேண்டும். 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று ஆன் செய்து பார்ப்பதால்தான் பல கீபோர்டுகள் செத்துப்போகின்றன. ஈரம் மட்டும் இருந்தால் பெரிதாக எதுவும் ஆகாது. ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் செம்புத் தடங்கள் அரிக்கப்படும். வெறும் தண்ணீர் என்றால் மின்விசிறிக் காற்றில் மூன்று நாள் விடுங்கள். முடி உலர்த்தும் சூடான காற்றை அடிக்காதீர்கள், கட்டைகள் வளையும்.

சர்க்கரை கலந்த பானம் கொட்டியிருந்தால் காயவைப்பது மட்டும் போதாது. காய்ந்த பிறகு உள்ளே பிசின்போல் ஒட்டிக்கொள்ளும், எறும்பும் வரும். அன்றே திறந்து சுத்தம் செய்தால் பிழைக்கும். உப்பு கலந்த நீரும் அப்படித்தான், காத்திருக்கக் கூடாது.

அன்றாடம் எதைக் கொண்டு துடைப்பது?

மென்மையான பருத்தித் துணி அல்லது கண்ணாடி துடைக்கும் துணி. முதலில் காய்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். அதைச் செய்யாமல் துடைத்தால் தூசியே கீறல் போடும். பிறகு துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, பின்னாலிருந்து உங்களைப் பார்த்துத் துடையுங்கள். பக்கவாட்டில் துடைத்தால் கட்டைகளின் ஓரத்தில் அழுக்குச் சேர்ந்து இடுக்கில் விழும். பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு கப் தண்ணீரில் ஒரு துளி விட்டுக்கொள்ளுங்கள். எதையும் நேராகக் கீபோர்டின் மேல் தெளிக்காதீர்கள்.

தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி, கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் மங்கும், எழுத்துகள் அழியும். ஆல்கஹாலையும் பெரும்பாலான கையேடுகள் தடுக்கின்றன. பலர் வாசிக்கும் கருவி என்றால் கிருமிநாசினியால் கட்டையைத் துடைப்பதைவிட, வாசிப்பவர் கையைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்துவிட்டு உட்காருவது நல்லது.

ஸ்வரப் பெயர் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் பசை போகாவிட்டால் கத்தியால் சுரண்டாதீர்கள். சமையல் எண்ணெயை விரல் நுனியில் ஒரு பொட்டுத் தொட்டுப் பசையின் மேல் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துணியால் உருட்டி எடுங்கள். மீதி எண்ணெயைச் சோப்புத் துணியால் துடைத்துவிடுங்கள்.

கீபோர்டின் மேல் ரப்பர், வினைல் பொருள்களை வைக்காதீர்கள். நாளடைவில் பிளாஸ்டிக்கின் நிறம் மாறும். வெள்ளைக் கட்டை மஞ்சளாவதற்கு முக்கியக் காரணம் வெயில். ஜன்னல் ஓரத்தில் வைத்த கீபோர்டின் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஒரே ஒரு கட்டை ஒலிப்பதில்லை. இன்னொன்று எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் அலறுகிறது.

இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். ஒவ்வொரு கட்டையின் கீழும் ரப்பர் குமிழ் ஒன்று, அதனுள் கறுப்புக் கார்பன் பொட்டு இரண்டு. அழுத்தும்போது ஒரு பொட்டு முதலில் போர்டைத் தொடும், அடுத்தது சற்றுப் பின்னால். இரண்டுக்கும் இடையிலுள்ள நேரத்தை, அதாவது நொடியில் ஆயிரத்தில் சில பங்கை, கீபோர்டு அளக்கிறது. இடைவெளி குறைந்தால் பலமாக அடித்ததாகக் கணக்கு. ஒரு பொட்டில் தூசியோ எண்ணெய்ப் பசையோ படிந்தால் கணக்குத் தவறும். கட்டை மௌனமாகும், அல்லது முழுச் சத்தத்தில் ஒலிக்கும்.

திறக்கும் முன் ஒன்று பாருங்கள். கெட்ட கட்டைகள் சீரான இடைவெளியில், உதாரணமாக ஒவ்வொரு எட்டாவது கட்டையும் ஒலிக்காமல், இருந்தால் அது தூசியால் வந்ததில்லை. கட்டைகள் வரிசை வரிசையாக ஒரே தடத்தில் இணைக்கப்பட்டவை. பட்டை வயரோ ஒரு தடமோ அறுந்திருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால்தான் தூசி.

உத்தரவாதக் காலம் முடிந்திருந்து, கை நிதானமும் இருந்தால் நீங்களே சுத்தம் செய்யலாம். அடாப்டரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, மேசையில் தடிமனான துணி விரித்துக் கவிழ்த்து வையுங்கள். அடியிலுள்ள திருகாணிகள் ஒரே நீளமாக இருக்காது. அட்டை ஒன்றில் கீபோர்டின் உருவத்தை வரைந்து, கழற்றிய திருகாணியை அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளமானதை மாற்றிப் போட்டால் மேல்பக்கம் துளைத்துக்கொண்டு வெளியே வரும். மூடியை மெதுவாகத் தூக்குங்கள், ஸ்பீக்கர் வயர் அதோடு இணைந்திருக்கலாம். எதையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை வயரை வயரைப் பிடித்து இழுக்காமல், அதன் கனெக்டரைப் பிடித்து எடுங்கள்.

கட்டைகளின் கீழுள்ள போர்டைக் கழற்றினால் ரப்பர் பட்டைகள் தெரியும். ஒரு பட்டையில் ஏறக்குறைய ஒரு ஸ்தாயிக்கான குமிழ்கள். பட்டையை ஒரு முனையிலிருந்து மெல்ல உரியுங்கள். போர்டின் கறுப்புப் பகுதியை, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஈரம் உதறிய பஞ்சுக்குச்சியால் ஒரே ஒருமுறை தடவுங்கள். கசக்கித் தேய்த்தால் கார்பனே உரிந்துவிடும். ரப்பரின் பொட்டுகளைக் காய்ந்த குச்சியால் தொட்டு எடுத்தால் போதும். அழுக்கு அதிகம் என்றால் பட்டையை மட்டும் சோப்புத் தண்ணீரில் அலசி, ஒரு இரவு காயவிடுங்கள். பென்சில் அழிப்பான், உப்புத்தாள் இரண்டும் கூடவே கூடாது.

திரும்ப மாட்டுவதுதான் பலர் சறுக்கும் இடம். பட்டையின் சிறு முளைகள் ஒவ்வொன்றும் போர்டின் துளைக்குள் முழுதாக இறங்க வேண்டும். பல் குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் அழுத்துங்கள். ஊசி போன்றதால் குத்தினால் ரப்பர் கிழியும். ஒரு முளை பாதி நின்றாலும் அந்தக் கட்டை மட்டும் மற்றவற்றைவிட உரத்தோ மெலிந்தோ ஒலிக்கும். மூடும் முன் பட்டை வயரை மாட்டி, எல்லாக் கட்டைகளையும் மெதுவாகவும் பலமாகவும் வாசித்துப் பாருங்கள்.

கட்டை கீழே போனால் மேலே வருவதில்லை.

முதலில் இடுக்கில் பாருங்கள். நாணயம், ஹேர்பின், பென்சில் முனை ஏதாவது இருக்கும். மெல்லிய அட்டைத் துண்டால் வெளியே தள்ளுங்கள். எண்ணெய் விடவே கூடாது. சில கட்டைகள் உலோக ஸ்பிரிங்கால் எழும்புகின்றன, அது கழன்றோ உடைந்தோ இருக்கலாம். சிலவற்றில் கட்டையின் பின்முனையில் வளையும் பிளாஸ்டிக் கீல் விரிசல் விட்டிருக்கும். அதற்கு ஒட்டுப் பசை நிற்காது, அந்தக் கட்டையைத்தான் மாற்ற வேண்டும்.

பழைய சிந்தசைசர் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 1991-ல் வந்த ரோலண்ட் ஜேடி-800, அதே காலத்து இன்னும் சில ரோலண்ட் கருவிகள், கட்டைக்குக் கனம் சேர்க்கும் உலோகத் துண்டைச் சிவப்பு எபாக்சியால் ஒட்டியிருந்தன. வருடங்கள் கழிந்து அது இளகி வழிந்து, தொடர்பிடங்களிலும் கட்டைகளின் இடையிலும் இறங்குகிறது. அந்தக் கருவியின் அடியில் சிவப்புச் சொட்டு தெரிந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு, கட்டைகளைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

டெமோ பாட்டு ஒலிக்கிறது. நான் வாசித்தால் மட்டும் சத்தம் வரவில்லை.

பெரும்பாலும் இது பழுதே கிடையாது. 'லோக்கல்' என்ற அமைப்பு அணைந்திருக்கும். அது அணைந்தால் கட்டைக்கும் உள்ளே ஒலி எழுப்பும் பகுதிக்கும் உள்ள தொடர்பு துண்டிக்கப்படும், கட்டை கணினிக்கு மட்டும் செய்தி அனுப்பும். கணினியில் இசைப்பதிவு செய்பவர்கள் அணைத்துவிட்டு மறந்துபோவது வழக்கம். மெனுவில் அதை மறுபடி ஆன் செய்யுங்கள். ஆன் ஆக இருக்கும்போது கணினியிலிருந்தும் ஒலி திரும்பி வந்தால் ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாகக் கேட்கும், அப்போது அதை அணைப்பதுதான் சரி.

எதுவுமே ஒலிக்கவில்லை என்றால் ஹெட்போன் துளையைப் பாருங்கள். பின் செருகினால் ஸ்பீக்கரை அணைக்கும் சிறு தகடு உள்ளே உண்டு. அது திரும்பாமல் ஒட்டிக்கொண்டால் பின் இருப்பதாகவே கீபோர்டு நினைக்கும். பின்னை பத்துமுறை செருகி எடுத்தால் பெரும்பாலும் விடுபடும்.

சுருதி சேரவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டதா?

மின்கருவியின் சுருதி தானாக இறங்குவது மிக அரிது. சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் எண் 0-வில் இருக்கிறதா, நுண்சுருதி 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கும்போது ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் சக்கரம் நடுவில் வந்து நிற்காவிட்டாலும் சுருதி விலகும். நீண்ட ஸ்வரங்கள் பாதியில் அறுந்தால் அதுவும் பழுதில்லை. 32 அல்லது 48 ஸ்வரம்வரைதான் ஒரே நேரத்தில் ஒலிக்கும் கருவியில், பெடலை அழுத்தியபடி வாசித்தால் பழையது விடுபட்டுப் புதியது ஒலிக்கும்.

பெடலை அழுத்தினால் ஒலி நிற்கிறது, விட்டால் நீள்கிறது.

பெடலில் இரண்டு வகை: அழுத்தும்போது தொடர்பு ஏற்படுவது ஒன்று, அழுத்தும்போது தொடர்பு விடுபடுவது மற்றொன்று. பெரும்பாலான கீபோர்டுகள் ஆன் ஆகும் நொடியில் எந்த வகை என்று கண்டுகொள்கின்றன. ஆகவே அணைத்துவிட்டு, பெடலை மாட்டி, காலை எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். சில பெடல்களின் அடியில் சிறு ஸ்விட்ச் உண்டு, அதைத் தள்ளினாலும் போதும்.

ஹெட்போனில் எவ்வளவு நேரம் வாசிக்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி நேரம்தான்.

காதில் போட்டபடி பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கவேண்டும். கேட்கவில்லை என்றால் குறையுங்கள். மெல்லிய புல்லாங்குழல் ஒலியில் வால்யூமை அமைத்துவிட்டு டிரம்ஸுக்கு மாறாதீர்கள். வாசித்து முடித்ததும் காதில் 'கொய்ங்' என்று கேட்டால் அன்று அளவு மீறியிருக்கிறது. ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டே பின்னைச் செருகுவதும் உருவுவதும் வேண்டாம்.

மிக்சர், கணினியோடு இணைக்கும்போது?

சிறிய கீபோர்டுகளில் ஹெட்போன் துளையே வெளியீடு, அது ஸ்டீரியோ. அதில் மோனோ பின்னைச் செருகினால் வலப்பக்க வெளியீடு எர்த்தோடு இணைந்து குறுக்கிடும். ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டு மோனோ பின்னாகப் பிரியும் வயரைப் பயன்படுத்துங்கள். மிக்சரில் லைன் துளையில் போடுங்கள். மைக் துளையில் போட்டு, மைக்குக்காக மிக்சர் அனுப்பும் 48 வோல்ட் பேண்டம் மின்சாரமும் ஆன் ஆக இருந்தால் கீபோர்டின் வெளியீடு கெடக்கூடும். ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கருக்குப் போகும் துளையைக் கீபோர்டோடு ஒருநாளும் இணைக்காதீர்கள்.

லேப்டாப்பை யூ.எஸ்.பி.யில் மாட்டியதும் 'ஙீ' என்று இரைந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் சுழற்சிதான், அதாவது இரண்டு எர்த் வழிகள் வளையமாகச் சேர்வதுதான், காரணம். பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது ஆடியோ வயரின் நடுவே இந்த இரைச்சலைத் தடுக்கும் டி.ஐ. பெட்டி வையுங்கள். யூ.எஸ்.பி. வயர் 3 மீட்டருக்கு மேல் வேண்டாம்.

ஸ்டாண்டில் என்ன கவனிக்க வேண்டும்?

61 கட்டைக் கீபோர்டு பெரும்பாலும் 4 முதல் 7 கிலோ. கனமான கட்டை வைத்த 88 கட்டைக் கருவி 11 கிலோவிலிருந்து 20-க்கு மேலும் போகும். அதை ஒற்றைக் குழாய் எக்ஸ் ஸ்டாண்டில் வைத்தால் பலமாக வாசிக்கும்போது பக்கவாட்டில் ஆடும். இரட்டைக் குழாய் ஸ்டாண்டோ மேசைபோன்ற நான்கு கால் ஸ்டாண்டோ எடுங்கள். பூட்டும் பின் துளைக்குள் 'க்ளிக்' என்று விழுந்ததா என்று ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

உட்கார்ந்து வாசிக்கக் கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து 72 முதல் 74 செ.மீ. இருந்தால் பெரியவர்கள் பலருக்குச் சரியாக இருக்கும். முழங்கையும் கட்டையும் ஏறக்குறைய ஒரே மட்டம், மணிக்கட்டு மேலே வளையவும் வேண்டாம், தொங்கவும் வேண்டாம். உயரம் ஒத்துவராவிட்டால் ஸ்டாண்டை விட்டுவிட்டு நாற்காலியை மாற்றுங்கள். மணிக்கட்டு வலி வந்தால் வாசிப்பதை நிறுத்துங்கள், வலியோடு பயிற்சி செய்தால் மாதக்கணக்கில் வாசிக்காமல் இருக்கவேண்டி வரும்.

பயணத்திலும் நீண்ட நாள் மூடி வைக்கும்போதும்?

5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இயங்கும் என்று யமஹா குறிப்பிடுகிறது. மூடிய காருக்குள் வெயிலில் அது எளிதாகத் தாண்டும். குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பமான, ஈரமான இடத்துக்குக் கொண்டு வந்தால் உள்ளே பனித்துளி படியும். பையைத் திறக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிட்டு ஆன் செய்யுங்கள்.

எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றுங்கள். படுக்கைவாட்டில் வையுங்கள், மேலே எதையும் அடுக்காதீர்கள். காற்றுப் போகும் துணி உறை நல்லது. பாலிதீன் ஈரத்தைச் சிறைபிடிக்கும். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஓரிரண்டு போடுங்கள். மாதம் ஒருமுறையாவது எடுத்து, எல்லாக் கட்டை, பொத்தான், குமிழையும் இயக்குங்கள். அசையாமல் கிடக்கும் தொடர்பிடங்கள்தான் முதலில் கறுக்கின்றன.

வால்யூம் குமிழைத் திருப்பினால் 'கரகர' என்கிறது.

உள்ளே உள்ள கார்பன் தடத்தில் தூசி. அணைத்துவிட்டு முழு நீளத்துக்கு முப்பது முறை திருப்புங்கள், பாதி நேரம் அதுவே போதும். போகாவிட்டால் பிளாஸ்டிக்கைப் பாதிக்காத கான்டாக்ட் கிளீனரை, கீபோர்டைத் திறந்து, குமிழின் கீழுள்ள பாகமான பொட்டென்ஷியோமீட்டரின் சிறு துளையில் ஒரு சொட்டு அடியுங்கள். வெளியிலிருந்து குமிழைச் சுற்றி அடித்தால் உள்ளே போகாமல் பேனலில்தான் வழியும். துரு நீக்கும் சாதாரண எண்ணெய் ஸ்ப்ரே தூசியை ஒட்டவைக்கும்.

பழைய சிந்தசைசர் பேட்டரி குறைவு என்று காட்டுகிறது. பேட்டரியே போடவில்லையே?

உள்ளே நினைவகத்தைக் காக்கும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி இருக்கும். 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7, 1988-ல் வந்த கோர்க் எம்1 இரண்டிலும் உண்டு. அது தீர்ந்தால் நீங்கள் அமைத்த ஒலிகள் எல்லாம் அழியும். மாற்றும் முன் அவற்றை மிடி (இசைக்கருவியும் கணினியும் செய்தி பரிமாறும் இணைப்பு) வழியாகக் கணினிக்கு அனுப்பிச் சேமித்துக்கொள்ளுங்கள். போர்டில் நேராகப் பற்றவைத்திருந்தால், பேட்டரியின் மேலேயே பற்றவைக்க முயலாதீர்கள், சூட்டில் வெடிக்கும். ஒரு ஹோல்டரைப் பற்றவைத்து அதில் புதியதைப் போடுங்கள்.

குழந்தைகள் விளையாடும் சிறு கீபோர்டுகளிலும் இதே பொத்தான் பேட்டரி இருக்கலாம். மூடி திருகாணியால் மூடியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கத் தொடங்கும். வலி இல்லை, சிரிக்கிறது என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

எதை நாமே திறக்கக் கூடாது?

சுவர் மின்சாரம் நேராக உள்ளே போகும் கருவிகளை. அடாப்டர் இல்லாமல் தடித்த மூன்று பின் வயர் கீபோர்டுக்குள்ளேயே போனால், உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டர் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். உத்தரவாதம் மீதமுள்ள கருவியையும் திறக்காதீர்கள். கருகிய வாடை, புகை, உப்பிய லித்தியம் பேட்டரி இவற்றில் எது இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சார்ஜ் செய்து பார்க்காமல், பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். கொடுக்கும்போது அடாப்டரையும் பெடலையும் சேர்த்தே கொடுங்கள், பாதி நேரம் கோளாறு அவற்றில்தான் இருக்கும்.